வெதரைசேஷன் பயிற்சியில் சேரலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இது: சிவில் டிப்ளமோ முடித்து ஊரில் சில வருடம் சைட் வேலை பார்த்தீர்கள். மனைவி வழியாக கிரீன் கார்டு கிடைத்து ஒஹாயோ வந்திருக்கிறீர்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளில் குளிர் புகாமல் அடைத்துத் தரும் வெதரைசேஷன் வேலைக்குப் பயிற்சி தருகிறார்களாம். சேர்ந்தால் மேலே போக வழி உண்டா, இல்லை கடைசிவரை இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் பஞ்சு) அடைக்கிற கூலி வேலைதானா?

தாராளமாகச் சேரலாம். ஆனால் தனியார் வகுப்பு எதற்கும் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1976-ல் வந்த சட்டத்தில் தொடங்கிய கூட்டாட்சித் திட்டம் இது. எரிசக்தித் துறை மாநிலங்களுக்குப் பணம் தருகிறது. மாநிலங்கள் வழியாக அது ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் உள்ளூர் கம்யூனிட்டி ஆக்‌ஷன் ஏஜென்சி போன்ற அமைப்புகளுக்குப் போகிறது. உங்கள் மாநிலத்தில் இதை எச்.டபிள்யூ.ஏ.பி (ஹோம் வெதரைசேஷன் அசிஸ்டன்ஸ் புரோகிராம்) என்பார்கள். ஆட்களைப் பழக்குவதற்கென்றே அந்த நிதியில் ஒரு பங்கு உண்டு. அதனால் முதலில் வேலைக்கு எடுத்துவிட்டு, சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பும் ஏஜென்சிகள் இருக்கின்றன. நான் பக்கத்து மிச்சிகனில் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

பயிற்சி மையத்தில் முதல் நாளே நம் சிவில் படிப்பு தலைகீழாகும். காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும் என்பது நாம் படித்தது. இங்கே குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறி, அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், இருக்கும் சின்னச் சின்னச் சந்துகள் வழியாகத் தப்பிவிடும்; அது போன இடத்தை நிரப்ப அடித்தளத்திலிருந்து குளிர்காற்று உறிஞ்சப்படும். ஜன்னலை மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் வீட்டுக்காரர்கள் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் முதலில் அடைக்க வேண்டியது உச்சியில்: விளக்குகள், பைப்புகள், சிம்னி ஏறும் ஓட்டைகள். இன்சுலேஷன் அதற்குப் பிறகுதான். அடைக்காமல் பரப்பினால் பஞ்சுக்குள்ளேயே காற்று ஓடும், ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போடாமல் காற்றில் நிற்பது போல.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ப்ளோயர் டோர் என்ற கருவி இருக்கிறது. வாசலில் துணித் திரையோடு ஒரு மின்விசிறியை மாட்டி, உள்ளேயிருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிட 50 பாஸ்கல் குறைந்ததும், எவ்வளவு காற்று கசிகிறது என்று எண்ணாகவே வந்துவிடும். அப்போது சுவரின் பிளக் பாயின்ட்டில் கை வைத்துப் பாருங்கள், காற்று வீசும். வேலைக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. இந்த இரண்டு எண்களும் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்பவன் கூலியாள் இல்லை.

வீட்டை இறுக அடைத்தால் ஆபத்தும் வரும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் இவற்றின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அதனால் எரியும் கருவிகளை வேலைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். தேவையான இடத்தில் காற்றோட்டத்துக்கு விசிறி வைக்க வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ட் இருக்கலாம். அட்டிக்கில் வெர்மிகுலைட் (பழைய வீடுகளில் இன்சுலேஷனாகக் கொட்டிய ஒரு கனிமம்) தெரிந்தால் கல்நார் கலந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு தொடாமல் இறங்கிவிட வேண்டும். பயிற்சியில் தூக்கம் வருகிற வகுப்புகள் இவைதான். தயவுசெய்து தூங்காதீர்கள்.

உடம்பு வேலை கடினம், மறைக்க மாட்டேன். க்ரால் ஸ்பேஸில், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில் உள்ள குறுகிய இடத்தில், மண்ணில் வயிற்றால் ஊர வேண்டும். ஜூலை மாதம் அட்டிக்கில் முழு உடையும் முகக்கவசமும் போட்டு நிற்கும்போது, நம் ஊர் வெயிலில் வளர்ந்தவன் என்ற பெருமை நொடியில் போய்விடும்.

ஆனால் எனக்கு இதைவிடக் கஷ்டமாகத் தெரிந்தது வீட்டுக்காரர்களிடம் பேசுவது. வறுமைக்கோட்டு வரம்பில் 200 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு இது இலவசம். முதியவர்கள், ஊனமுற்றவர்கள், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை. வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், வீட்டு உரிமையாளர் அனுமதி வேண்டும். உதவி கேட்க வேண்டியிருக்கிறதே என்று பலர் கூசிப் போயிருப்பார்கள். பாதுகாப்புக்காக பூட்ஸைக் கழற்ற முடியாது, மேலே உறை மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள். அந்த மரியாதையை அவர்கள் கவனிப்பார்கள். கூரை ஒழுகினால், பூஞ்சை அதிகம் இருந்தால் வேலையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உதவி மிகத் தேவைப்படுகிற வீட்டில்தான் பெரும்பாலும் அப்படி ஆகும். இந்த வீடுகளை முதலில் பழுதுபார்க்க 2022 முதல் தனி நிதி வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் எட்டாது.

சரி, மேலே போகும் வழி. ரெட்ரோஃபிட் இன்ஸ்டாலர் (அடைக்கும் வேலை செய்பவர்), க்ரூ லீடர் (வேலைக் குழுவின் தலைவர்), எனர்ஜி ஆடிட்டர் (வீட்டைச் சோதித்து என்ன வேலை என்று எழுதித் தருபவர்), தர ஆய்வாளர் என்று பில்டிங் பெர்ஃபார்மன்ஸ் இன்ஸ்டிடியூட் சான்றிதழ்கள் இருக்கின்றன. கூட்டாட்சிப் பணத்தில் முடிக்கும் ஒவ்வொரு வீட்டையும் தர ஆய்வாளர் பார்த்தாக வேண்டும் என்பதால் அவருக்கு எப்போதும் தேவை உண்டு. ஆடிட்டர் தேர்வில் எழுத்துத் தேர்வோடு செய்முறையும் உண்டு. உங்கள் டிப்ளமோ அங்கேதான் கைகொடுக்கும். இருந்தாலும் சில காலமாவது க்ரூவில் இருந்துவிட்டுப் போங்கள். அட்டிக்கில் ஏறாத ஆடிட்டர் எழுதித் தரும் வேலைப் பட்டியலைப் பார்த்தாலே க்ரூ சிரித்துவிடும்.

நிதி நிலையானது இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். 2009-ல் சுமார் 500 கோடி டாலர் ஒரேயடியாக வந்து ஆட்களைக் குவித்தார்கள். அது தீர்ந்ததும் பலர் வீட்டுக்குப் போனார்கள். 2021 சட்டத்தில் 350 கோடி. இப்படி ஏறி இறங்கும். சான்றிதழ் கையில் இருந்தால் மின்சார, எரிவாயு நிறுவனங்களின் திட்டங்களுக்கோ தனியார் வேலைக்கோ தாவலாம். ஐடி நண்பர்களின் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், நிம்மதி போய்விடும்.

எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்குத் தரும் விசா) இருக்கும் யாராவது இதைப் படித்தால்: வேலை அனுமதி அட்டை இல்லாமல் இதில் சேர முடியாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் கவுன்டி ஏஜென்சியைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: சொந்த க்ரூ வைத்திருக்கிறார்களா அல்லது கான்ட்ராக்டரிடம் விடுகிறார்களா, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, சான்றிதழ் தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது. டிரைவிங் லைசன்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள், க்ரூ வேனை ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் அநேகமாக அதைத்தான் முதலில் கேட்பார்கள்.