அலகு விலை என்றால் என்ன? அதைப் பார்த்து வாங்கினால் பணம் மிச்சமாகுமா?

பொட்டலத்தின் மொத்த விலையை அதன் எடையாலோ கொள்ளளவாலோ வகுத்தால் கிடைப்பதே அலகு விலை. அளவுகள் வேறுபடும்போது மொத்த விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்குத் தவறிவிடும் என்பதால், இந்தியாவில் பெரும்பாலான பொட்டலப் பொருள்களில் அதிகபட்ச விலையோடு இதையும் அச்சிட வேண்டும் என்று விதி உள்ளது (எழுத்து என்னவோ கடுகளவுதான்). பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயைக் காய்க்கணக்கில் வாங்காமல் எடைக்கணக்கில் வாங்குவதும் இதே கணக்குத்தான். ஈரோட்டுக் கடையொன்றில் 1 லிட்டர் கடலை எண்ணெயும் 1 கிலோ கடலை எண்ணெயும் ஒரே விலையில் இருந்தால், கிலோவையே எடுக்க வேண்டும். ஏனெனில் ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். பெரிய பொட்டலம்தான் எப்போதும் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஷாம்பு போன்றவற்றில் பல நேரம் சிறு பாக்கெட்டே மலிவாக இருக்கிறது.