அந்த மீற்றர் காட்டியது உப்பை

கேள்வி: மட்டக்குளியில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, கால்வாய்க் கரையில் குடியிருக்கிறோம். மழை விட்டு ஒரு கிழமைக்குள் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலாகிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஒருவர் சின்ன மீற்றர் ஒன்றை அமிழ்த்திப் பார்த்து, "7,400 காட்டுது, அவ்வளவும் உரச் சத்து" என்றார். ஏதோ நுண்ணுயிர்த் திரவம் ஊற்றினால் தெளியுமாம். ஒழுங்கையில் 20 வீடுகளிலும் காசு சேர்க்கிறார். கொடுக்கலாமா? பிள்ளைகள் பிடித்து வரும் மீனைச் சமைக்கலாமா?

பதில்: காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தவர்கள் திருப்பிக் கேளுங்கள்.

அவர் கையில் இருந்தது கரைந்த உப்பை அளக்கும் மீற்றர். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. லீற்றருக்கு மில்லிகிராம் என்ற அந்த மீற்றரின் கணக்கில் அது 35,000. கடல் பெருக்கு நேரத்தில், அதாவது நீர்மட்டம் ஏறும்போது, கால்வாய்க்குள் வரும் கடல்நீர் ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலே 7,000 வந்துவிடும். பச்சைக்குக் காரணமான பொசுபேற்று என்ற உரச் சத்தோ லீற்றருக்கு ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்கு இருந்தாலே போதும், தொல்லை தொடங்கிவிடும். அதை இந்த மீற்றரில் தேடுவது, நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்து நிறை கேட்பது மாதிரி. நம்ப முடியாவிட்டால் காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோய்க் கடலில் அமிழ்த்தச் சொல்லுங்கள். எண் இன்னும் ஏறும், அல்லது அளவு மீறி மீற்றர் நின்றுவிடும். கடலுக்கு யாரும் உரம் போடவில்லை.

சரி, பச்சை எங்கிருந்து வந்தது? மேலே தேயிலைத் தோட்டத்திலும் வயலிலும் போட்ட உரம், வழியில் கலக்கும் தொழிற்சாலைக் கழிவு, நிரம்பி வழியும் மலசலகூடக் குழி, சவர்க்காரத் தண்ணீர் எல்லாவற்றையும் மழை வாரிக்கொண்டு வருகிறது. நைதரசனும் பொசுபரசும் அதில் தாராளமாக இருக்கும். ஆனால் வெள்ளம் ஓடும்போது தண்ணீர் மண்ணிறம். வெயில் உள்ளே இறங்காது. தாவரப் பிளாந்தன் என்கிற கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் (நுண்பாசிகள்) பெருகுமுன்பே ஓட்டம் அவற்றைக் கடலில் தள்ளிவிடும். மழை விட்டதும் மண் அடியில் படிகிறது, ஓட்டம் தளர்கிறது, கடலோடு சேரும் வாயை மணல் திட்டு பாதி அடைத்துக்கொள்கிறது. சாப்பாடு இருக்கிறது, வெயில் இருக்கிறது, தண்ணீர் அவ்வளவாக ஓடுவதில்லை. ஒரு கிழமை போதும். பகலில் அவை ஒட்சிசனைக் கொடுக்கும். இரவில் வெளிச்சமில்லாமல் கொடுப்பது நின்றுவிடும், ஒட்சிசனை எடுப்பது மட்டும் நடக்கும். அதனால்தான் விடியற்காலையில் உங்கள் மீன்கள் மேலே வந்து திணறுகின்றன.

இனி அந்தத் திரவம். 20 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம், 100 மீற்றர் நீளமுள்ள கால்வாய்த் துண்டில் 40 லட்சம் லீற்றர் தண்ணீர். அவர் 5 லீற்றர் திரவம் ஊற்றினாலும் அது அதில் எட்டு லட்சத்தில் ஒரு பங்கு, அதையும் கடல் வற்றும் நேரம் வெளியே இழுத்துவிடும். மழை பெய்து தண்ணீர் தானாகத் தெளிந்ததும் "பார்த்தீர்களா" என்று அடுத்த ஒழுங்கைக்குப் போவார்கள். இன்னொரு கூட்டம் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) கொண்டு வரும். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அல்கா ஒரே நாளில் செத்து அழுகி, மிஞ்சிய ஒட்சிசனையும் தின்றுவிடும். நஞ்சுள்ள வகையென்றால் உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் தண்ணீரில் கொட்டும்.

நஞ்சுள்ள வகையா என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் எடுத்து, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண்ணிறமாகப் படிந்திருந்தால் சேறு. மேலே பச்சைப் பெயின்ற் போல ஏடு கட்டியிருந்தால் சயனோபற்றீரியா என்ற நீலப்பச்சை நுண்ணுயிராக இருக்கலாம். அவற்றில் சில ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். பிள்ளைகளையும் நாயையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

உயிரோடு பிடித்த மீனை, ஏடு கட்டாத நாட்களில், குடலையும் ஈரலையும் எறிந்துவிட்டுக் கழுவிச் சமைக்கலாம். மிதக்கும் மீனைத் தொட வேண்டாம்.

மட்டியும் சிப்பியும் வேறு விஷயம். மீன் வாயால் இரை தேடும். மட்டி தண்ணீரையே வடிகட்டித் தின்னும். நாள் முழுவதும் உள்ளே இழுத்து, பிளாந்தனைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை வெளியே விடும். தண்ணீரில் கொஞ்சமாக இருக்கும் நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். மணம் மாறாது, நிறம் மாறாது, அவித்தாலும் போகாது. தண்ணீர் தெளிந்த பிறகும் சதையில் கொஞ்ச நாள் தங்கும். குடலை எடுத்துவிட்டுச் சாப்பிடலாமே என்று கேட்பார்கள். மட்டியை முழுதாகத்தானே தின்கிறோம்? பச்சை கண்ட கால்வாயின் மட்டி வேண்டாம், தெளிந்து சில கிழமை போகும் வரையாவது.

உண்மையான பரிசோதனைக்கு, நீர்வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாரா உங்களுக்குப் பக்கத்திலேயே, காக்கைத்தீவில் இருக்கிறது. முதலில் விசாரித்துவிட்டு, சுத்தமான போத்தலில், ஐஸில் வைத்து, எடுத்த அன்றே கொடுங்கள். சோடாப் போத்தலில் எடுத்து வெயிலில் வைத்த தண்ணீரில் நைத்திரேற்றைப் பார்த்துப் பயனில்லை. ஒருமுறை நான் இப்படி ஐஸ் பெட்டியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் இல்லை என்று ஒரு மேசை, கையொப்பம் இல்லை என்று இன்னொரு மேசை. மதியத்துக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது, மாதிரிகளைக் கொட்டிவிட்டு வந்தேன். கால்வாய் ஒருவருக்கு, கரை இன்னொருவருக்கு, கழிவு மூன்றாமவருக்கு என்று அலுவலகங்கள் பங்கு போட்டிருக்கும் வரை மீற்றர்க்காரருக்குத்தான் வசதி.

அதனால் 20 வீட்டுக்காரரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் மாநகர சபைக்கும் கொடுங்கள். பச்சை தெரிந்த திகதி, நேரம், பெருக்கா வற்றா, மீன் திணறிய காலை, மணல் திட்டின் படம் எல்லாம் அதில் இருக்கட்டும். படங்களை இன்றைக்கே எடுங்கள். அடுத்த மழையோடு பச்சை போய்விடும், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.