மெஷின் போட்ட பொமரேனியனுக்கு 6 மாசமா முடி வரலைன்னா

வேலூர் சத்துவாச்சாரியில நாய்க்கு முடி வெட்டுற கடை வச்சிருக்கிற நீங்க, மெஷின் போட்ட பொமரேனியன் நாய்க்கு 6 மாசமாகியும் முடி வரலைன்னு கேட்டிருக்கீங்க. வரும், ஆனா மெதுவா. பொமரேனியனுக்கு ஒட்ட மெஷின் போட்டா திரும்ப வளர 6 மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகலாம், சிலதுக்கு அதுக்கும் மேல. கஸ்டமர் சண்டைக்கு வர்றார்னு கடையை மூடிட்டு, முன்னாடி வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கே திரும்ப வேணாம்.

காரணம் அனேகமா இதுதான்: பொமரேனியனுக்கு மேல்முடி, உள்முடின்னு ரெண்டு அடுக்கு. இந்த ஜாதிகள்ல முடி வேர் ரொம்ப நாள் ஓய்வுலயே கிடக்கும். நீங்க வெட்டினதால உடனே முழிச்சுக்காது. (நானும் முதல் வருஷம் ஒரு ஸ்பிட்ஸ் நாய்க்கு இதையே பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.)

ஒண்ணு பாருங்க. மெஷின் போன இடத்துல மட்டும் சொட்டையா, இல்ல தொடை பின்பக்கம், வால், கழுத்துன்னு மெஷின் படாத இடத்துலயும் கொட்டுதா? தோல் கறுக்குதா? அப்படின்னா தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறா இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர்கிட்ட அனுப்புங்க. சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். நீங்களா எண்ணெய், மாத்திரை எதுவும் சொல்லிடாதீங்க.

அக்னி நட்சத்திரத்துல "மொட்டை போடுங்க, வெயில் தாங்கலை"ன்னு காட்பாடி, கொசப்பேட்டைன்னு எல்லாரும் வருவாங்க. நாய் சூட்டைத் தணிக்கிறது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு இரைக்கிறதுல; மொட்டை போட்டா வெயில் நேரா தோல்ல படும். உதிர்ந்த உள்முடியை சீவி எடுத்தாலே போதும். முடி சிக்கு பிடிச்சு தோலோட ஒட்டியிருந்தா மட்டும் மெஷின், அதுவும் முடி திரும்ப வர நாளாகலாம்னு முன்னாடியே எழுதி கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு.