ஹெட்போனைக் கழற்றிவிட்டு பியானோ பீஸைத் தேர்ந்தெடு

கேள்வி: சென்னையில் இளங்கலை இசை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், முதன்மைப் பாடம் பியானோ. 5 மாதத்தில் 25 நிமிட ரெசிட்டல், அதாவது மேடையில் தனியாக வாசிக்க வேண்டும். ஆசிரியை பாக், ஹைடன் இருவரின் படைப்புகளை எடு என்கிறார். எனக்கு ஷோபானின் முதல் பாலட் என்ற பெரிய பியானோ படைப்பின் மேல் ஆசை. அவருக்குத் தெரியாமல் வீடியோ பார்த்து நான்கு பக்கம் வாசித்துவிட்டேன். அப்பா தவணையில் வாங்கித் தந்த டிஜிட்டல் பியானோவில் இரவில் ஹெட்போன் போட்டுப் பயிற்சி செய்கிறேன். நான் ஒரு பீஸை (இசைப் படைப்பை) முழுதாக வாசித்து வீட்டில் யாரும் கேட்டதில்லை. எதை எடுக்கட்டும்?

பதில்: மகளே, பாலட்டா ஹைடனா என்பதை அப்புறம் பார்ப்போம். வீட்டில் யாரும் கேட்டதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்கு முதலில் பதில் சொல். தவணை கட்டுகிற அப்பாவின் காதில் விழுவது கட்டைகள் டொக் டொக்கென்று அடிபடும் சத்தம் மட்டும்தான். வாசித்துக் காட்டு என்று அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். அவர் கேட்கவில்லை என்பதற்காக உன் கடமை தீர்ந்துவிடாது.

உன்னிடம் முடித்த பீஸ் ஒன்றுகூட இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படிப்பட்டவள் பாலட்டின் நான்கு பக்கத்தை வைத்துக்கொண்டு கனவு காண்கிறாய். அதன் ஆரம்பப் பக்கங்கள் மிதமான வேகம், யாருக்கும் ஓரளவு வரும். 208-ஆம் பாரில் (தாளக் கட்டத்தில்) கோடா என்கிற முடிவுப் பகுதி தொடங்கி 264 வரை நெருப்பு வேகத்தில் ஓடும். வலக்கை தாவிக்கொண்டே இருக்கும். முன்கை இறுகினால் பாதியில் நின்றுவிடுவாய். எந்தப் பெரிய பீஸையும் அதன் மிகக் கடினமான 8 பாரிலிருந்துதான் சோதிக்க வேண்டும். பத்து நாள் உழைத்தும் அது முக்கால் வேகத்துக்கு வரவில்லை என்றால், அந்த பீஸ் இந்த வருடத்துக்கு இல்லை.

ஆசிரியை சொல்வதுதான் சரி. பாக்கின் 48 பிரிலூட்-ஃப்யூக் ஜோடிகளில் முதல் தொகுதியின் சி மைனர் ஜோடியை எடு. பிரிலூட் முன்னுரை போன்ற பகுதி; ஃப்யூகில் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். இந்த ஃப்யூக் 31 பார், மூன்று குரல், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் மூன்று மெட்டு வரிகள். ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டு மற்ற இரண்டையும் வாசி. விரல் பழக்கத்தை மட்டும் நம்பி மனப்பாடம் செய்தால் மேடையில் ஓர் இடத்தில் தடுக்கினாலும் திரும்பி ஏற வழியிருக்காது. அடுத்து ஹைடனின் ஈ மைனர் சொனாட்டா, ஹோபோக்கன் பட்டியலில் 16:34, மூன்று பகுதியும். பிறகு ஷோபானின் நாக்டர்ன் என்கிற இரவுப் பாடல், ஓபஸ் (படைப்பு எண்) 32 எண் 1. பாட்டு போலப் போய்க்கொண்டிருந்தது கடைசியில் சட்டென்று அறுபட்டு, பேச்சு போல மாறும் இடம் கேட்பவரை உலுக்கிவிடும். பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் ஆறும் சேர்ந்தால் 25 நிமிடத்தைத் தொட்டுவிடும். நேரம் நீண்டால் ஹைடனில் ரிப்பீட்டை (ஒரு பகுதியைத் திரும்ப வாசிப்பதை) விடு, நடனத்தை வெட்டாதே.

முதல் ஆறு வாரத்தில் எல்லா நோட்டும் கைக்குள் வந்துவிட வேண்டும். மூன்றாம் மாதம் மனப்பாடம். ஒவ்வொரு பீஸிலும் நான்கு இடத்திலிருந்து தொடங்கப் பழகு. மீதி இரண்டு மாதமும் ஆட்கள் முன்னால் வாசிப்பதற்கு.

ஆட்கள் என்றால் முதலில் உன் வீட்டார். ஞாயிறு மாலை ஹெட்போனைக் கழற்று, அப்பா அம்மாவை உட்கார வை, ஒரு பீஸை நிற்காமல் கடைசி வரை வாசி. தப்பு விழுந்தாலும் திரும்பிப் போகாதே. இதில் உனக்கும் ஆதாயம் உண்டு: ஹெட்போனில் சத்தத்தைக் குமிழில் கூட்டிக்கொள்கிறாய், விரல் எடை பழகுவதே இல்லை. அரங்கத்து கிராண்ட் பியானோவில் இடக்கை கனத்து மெலடியை மூழ்கடிக்கும், பெடல் எதிரொலியோடு சேர்ந்து குழம்பும். கல்லூரிப் பியானோவில் வாரம் மூன்று மணி நேரமாவது பிடித்துக்கொள்.

ஆசிரியைக்குத் தெரியாமல் வாசித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. கற்றுக்கொடுக்கிறவரிடம் ஒளிக்கிற பழக்கம் வேண்டாம். நாளைக்கே அந்த நான்கு பக்கத்தையும் அவர் முன் வாசித்துக் காட்டு. வீடியோ பார்த்து நீயாகப் போட்டுக்கொண்ட விரலமைப்பு இறுகிப்போவதற்குள் அவர் திருத்தட்டும். பாலட் எந்த வருடம் என்பதையும் அவரே சொல்லட்டும்.