இங்கிலாந்தில் தலைமையாசிரியர்கள் தங்கள் சொந்த வளர்ச்சிக்குத் தர நெறிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

இங்கிலாந்துக் கல்வித் துறை 2020-ல் வெளியிட்ட தலைமையாசிரியர் தர நெறிகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். 2015-ல் வந்த பழைய வடிவத்துக்குப் பதிலாக வந்தவை இவை. முதல் பகுதி நன்னடத்தை பற்றியது. அடுத்த பகுதியில் பள்ளிப் பண்பாடு, கற்பித்தல், சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள், நிர்வாகம் என 10 தலைப்புகள்.

இவை சட்டப்படி கட்டாயமில்லை. டிக் அடித்துவிட்டுப் போகும் பட்டியலாகவும் இவற்றைக் கருதக் கூடாது. ஆனால் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்: பத்துக்கும் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள், எல்லாமே ‘நன்று’ என்று வரும்! அதனால் யாருக்கு என்ன பயன்?

உருப்படியான வழி, ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வது. மாணவர் நடத்தை என்று வைத்துக்கொள்வோம். ‘விதிகள் எல்லா வகுப்பிலும் ஒரே மாதிரி நடைமுறையில் உள்ளனவா?’ என்று கேட்டு, அதற்குச் சான்று தேட வேண்டும். துணைத் தலைமையாசிரியரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். இருவர் பதிலும் எங்கே முட்டுகிறதோ, கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது. பிறகு அதில் தேர்ந்த வேறொரு பள்ளிக்குப் போய்ப் பார்ப்பதோ, அனுபவமுள்ள வழிகாட்டியோடு பேசுவதோ பொதுவான பயிற்சி வகுப்பைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து.

பள்ளியை மேற்பார்வையிடும் ஆளுநர் குழு, தலைமையாசிரியரின் பணி குறித்து நடத்தும் ஆண்டு மதிப்பாய்விலும் இந்த நெறிகள் உதவும். இலக்கு வைக்கும்போது இருதரப்புக்கும் பொதுவான மொழி கிடைக்கிறது. குறையைத் தானே முதலில் சொல்லும் தலைமையாசிரியருக்கு அந்தப் பேச்சு எளிதாகவே முடியும்.