வாசகர் கேள்வி: தீக்குப் பிறகு ஒரு வர்ணப்பை

கேள்வி: வீடு எரிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சித்திரப் பொருட்கள் கொடுக்க நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். பையில் என்னென்ன வைக்கலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: ஒரு பிள்ளைக்கு ஒரு பை. மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று பை, பெயர் எழுதி. எல்லாமே பொசுங்கிப்போன வீட்டில் 'இது என்னுடையது' என்று சொல்ல ஏதாவது வேண்டும். ஏ4 அளவுச் சித்திரக் கொப்பி 1, கலர் பென்சில் 12, பஸ்டல் பெட்டி 1, பென்சில் 2, அழிறப்பர், பென்சில் சீவும் கட்டர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிக்கிற பிள்ளைக்கு என்ன தேவை என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அது வேறு கணக்கு. மூன்று வயதுக்குக் கீழே கட்டர் வேண்டாம், தடித்த கிரேயோன் போதும்.

நீர்வர்ணம் வேண்டவே வேண்டாம். சொந்தக்காரர் வீட்டுப் பாயில் ஒண்டியிருக்கிற பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் ஏச்சுத்தான் மிஞ்சும்.

தகரக் கூரை அறையில் பஸ்டலை அடுக்காதீர்கள். கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் மாதங்களில் இளகி, சுற்றிய தாளோடு ஒட்டிவிடும். மாரியில் கொப்பி ஈரம் குடித்து அலையலையாக நெளியும். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பத்துப் பைக்கு மேல் சேமிக்காதீர்கள்.

முதல்நாளே ஓடாதீர்கள், அன்றைக்குச் சோறும் உடுப்பும்தான் அவசரம். கிராம உத்தியோகத்தரிடம் பிள்ளைகளின் வயதைக் கேட்டு, மூன்றாம் நான்காம் நாள் போங்கள். 'நெருப்பை வரைந்து காட்டு' என்று கேட்கக் கூடாது. தானாக வரைந்தால் தடுக்கவும் வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போடுகிறவரை அடுத்த முறை கூட்டிப் போகாதீர்கள்.