110/70 லோ பிரஷர் இல்லை

கேள்வி: எனக்கு வயது 46. எப்போது பார்த்தாலும் பிரஷர் 110/70 தான் இருக்கும். "உனக்கு லோ பிரஷர்" என்று சொல்லி மாமியார் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுப்பார். போன மாதம் தலைசுற்றியது, மெடிக்கல் ஷாப்பில் பார்த்தால் 142/90. அடுத்த வாரம் 136/88. பெண்களுக்கு நார்மல் எவ்வளவு டாக்டர்? கணவர் போடும் பிரஷர் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா? மாதவிடாய் இப்போது ஒழுங்காக வருவதில்லை. இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் இருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது.

பதில்: போகிற போக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய பெண்களுக்கு, அது பிரசவத்தோடு இறங்கிவிட்டாலும், பிற்காலத்தில் நிரந்தர ரத்தக்கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதைப் பெரும்பாலும் யாரும் டிஸ்சார்ஜ் ஆகும்போது சொல்லி அனுப்புவதில்லை, நம் பெண்களும் பிள்ளைக்குத் தடுப்பூசி போடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்களே தவிர தனக்கு பிரஷர் பார்க்கப் போவதில்லை.

பெண்களுக்கென்று தனி அளவு கிடையாது. 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. நம் ஊரில் திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தக்கொதிப்பு என்கிறோம், அமெரிக்காவில் 2017-ல் அந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கிவிட்டார்கள். உங்கள் 136/88 இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய 110/70 லோ பிரஷரே இல்லை, அருமையான பிரஷர். 90/60-க்குக் கீழே போய், கூடவே மயக்கமோ தள்ளாட்டமோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாமியாரின் அன்பு புரிகிறது, ஆனால் அந்த உப்பு வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். தலைசுற்றலுக்கு ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தாறுமாறாகும் வயதில் ரத்தப்போக்கு அதிகமாகி, ரத்தசோகையை லோ பிரஷர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இத்தனை வருடம் இல்லாதது இப்போது ஏன் ஏறுகிறது? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக்குழாய்களைத் தளர்வாக வைத்திருக்க உதவும், மாதவிடாய் நிற்கப்போகும் இந்த வயதில் அது குறையக் குறைய குழாய்கள் விறைக்கின்றன, இடுப்பில் சதை போடுகிறது, தூக்கமும் கெடுகிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை வாங்கிப் போடுகிறீர்களா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா, தொண்டைக்கு என்று தினமும் அதிமதுரம் குடிக்கிறீர்களா? இவை எல்லாமே பிரஷரை ஏற்றும்.

சரி, கடையில் நின்றுகொண்டு பார்த்த ஒன்றிரண்டு ரீடிங்கை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன். மேல் கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். பட்டை உங்கள் கைக்குச் சரியான சைஸா என்று பாருங்கள், பருமனான கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். ஜாக்கெட் கையை இறுக்கமாக மேலே சுருட்டிவிட்டுப் பார்ப்பதும் தப்பு. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, கையை மார்பு உயரத்துக்கு மேஜைமேல் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, பேசாமல் பாருங்கள். காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்கு சராசரி எடுங்கள், அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றே அர்த்தம். நடுவில் 180/120-ஐத் தொட்டு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் பலவீனம் என்று ஏதாவது வந்தால் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கணவரின் மாத்திரை? பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். நிறையப் பேர் போடும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும், உங்களுக்கு மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்கவில்லை என்பதால் கர்ப்பமாகும் வாய்ப்பு இருக்கவே செய்கிறது. உங்களுக்கு எது சரிப்படும் என்பதை கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சர்க்கரை, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். போகும்போது ஒரு வார ரீடிங், பழைய பிரசவ ஃபைல் இரண்டையும் எடுத்துப் போங்கள், மெஷினையும் பையில் போட்டுக்கொண்டால் அங்கே உள்ள மெஷினோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.